ஒரே வீட்டில் பேசாத கணினிகள்

ஒரே கூரையின்கீழ் வாழும் இருவர் பேச்சை நிறுத்திவிட்டால், ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து காரணத்தை விசாரித்துச் சமாதானம் செய்துவைப்பார். ஒரே வீட்டிலுள்ள இரண்டு கணினிகள் ஒன்றையொன்று அறியாதனபோல் இருந்துவிட்டால் யாரை அழைப்பது? "நேற்றுவரை அச்சடித்த பிரிண்டர் இன்று காணவில்லை", "அண்ணன் கணினியிலுள்ள கோப்பு என் கணினியில் திறக்க மறுக்கிறது" என்னும் முறையீடுகள் இன்று பல இல்லங்களில் எழுகின்றன. இத்திங்கள் அவ்வழக்கையே நாம் விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறோம்.

இது சிறு தொல்லைதானே என்று எண்ணலாகாது. கோலார் தங்கவயலின் நிலையைச் சற்றே நினைத்துப் பாருங்கள். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த நம் முன்னோர் பூமிக்கடியில் இறங்கி உழைத்த சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களின் இறுதியில் மூடப்பட்டன. அதன்பின் ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் எழுந்து, மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் இரயிலேறிப் பெங்களூருக்குப் பிழைக்கச் செல்பவராயினர். இரவில் வீடு திரும்பியபின்தான் பிள்ளையின் கல்லூரி விண்ணப்பத்தை அச்சிட வேண்டும். தந்தையின் பழைய பணிச்சான்றைத் தேடி எடுக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் பிரிண்டர் பிடிவாதம் பிடித்தால், விண்ணப்பத்தின் கடைசி நாளும் அதனோடு கழிந்துவிடக் கூடும்.

எடுத்துக்காட்டாக, ஸ்கெலட்டன் பகுதியில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கூடத்தில் பழைய மேசைக் கணினி. அதனோடு கம்பியால் இணைத்த பிரிண்டர். மகனிடம் அலுவலகம் கொடுத்த மடிக்கணினி. பேத்தியிடம் கல்லூரிக்கென வாங்கிய புதிய மடிக்கணினி. மூலையில் ரூட்டர் என்னும் சிறு பெட்டி. மூன்று கணினிகளும் அப்பெட்டியின் வாயிலாகவே ஒன்றோடொன்று பேச வேண்டும்.

இதில் நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே: பழுதை வரிசையாகத் தேட வேண்டும், அவசரத்தில் எல்லாப் பூட்டுகளையும் உடைத்தெறியலாகாது. சுரங்கத்தில் கேஜ் இறங்குமுன் மணியடித்துச் செய்தி சொல்லும் வழக்கத்தை நம்மவர் அறிவர். கீழே அடிக்கும் மணி மேலே கேட்க வேண்டும். கேட்டவர் அதன் பொருளை அறிந்திருக்க வேண்டும். அடித்தவர் அடிக்க உரிமையுள்ளவராகவும் இருக்க வேண்டும். கணினிகளின் உரையாடலும் இவ்வாறே. கம்பி உண்டா, காது கேட்கிறதா, மொழி புரிகிறதா, உரிமை இருக்கிறதா என்று நான்கு கேள்விகளை இந்த வரிசையிலேயே கேட்டுக்கொண்டு போனால் பெரும்பாலான பழுதுகள் தாமே வெளிப்படும்.

முதற் கேள்வி, எல்லாம் ஒரே இணைப்பில் உள்ளனவா என்பது. எல்லாக் கணினியிலும் இணையம் வருகிறதே என்று சிலர் வாதிப்பர். இணையம் வருவது வேறு. ஒரே வீட்டு வலையில் இருப்பது வேறு. ஒரு மடிக்கணினி கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்திருக்கலாம். மற்றொன்று ரூட்டரிலுள்ள விருந்தினர் வைஃபையில் சேர்ந்திருக்கலாம். விருந்தினர் வைஃபை என்பது வந்தவருக்கு இணையத்தை மட்டும் கொடுத்து, வீட்டுக் கணினிகளை அவர் கண்ணில் படாமல் மறைப்பதற்கென்றே அமைந்தது. அதில் சேர்ந்துகொண்டு பிரிண்டரைத் தேடுவது, திண்ணையில் அமர்ந்துகொண்டு சமையலறைப் பாத்திரத்தைத் தேடுவது போலாம்.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. விண்டோஸ் கணினியில் 'கமாண்ட் பிராம்ட்' என்னும் கருஞ்சாளரத்தைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்னும் கட்டளையை ஆங்கில எழுத்தில் இட்டால், அக்கணினியின் ஐ.பி. முகவரி தெரியும். ஒரு கணினியில் 192.168.1.5 என்றும் மற்றொன்றில் 192.168.1.8 என்றும் இருப்பின் இரண்டும் பெரும்பாலும் ஒரே தெருவில் உள்ளன என்று கொள்ளலாம். ஒன்று 192.168.1 என்றும் மற்றொன்று 192.168.43 என்றும் தொடங்கினால் அவை வெவ்வேறு தெருக்கள். 169.254 என்று தொடங்கும் முகவரி தென்பட்டால், ரூட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கணினி தனக்குத்தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அப்போது பார்க்க வேண்டியது ரூட்டரையும் கம்பியையுமே.

அலுவலக மடிக்கணினிக்கு ஒரு தனிக் குறிப்பு. அதில் வி.பி.என். ஓடிக்கொண்டிருந்தால் அது வீட்டில் இருந்துகொண்டே அலுவலக வலைக்குள் வாழ்கிறது. வீட்டுப் பிரிண்டர் அதற்குத் தெரியாமற் போகலாம். வேலை முடிந்து வி.பி.என். இணைப்பைத் துண்டித்தபின் சோதியுங்கள். அப்போதும் மறுத்தால், அலுவலகத்தார் விதித்த கட்டுப்பாடாக இருக்கலாம். அதை உடைக்க முயலாமல், கோப்பைப் பேத்தியின் கணினிக்கு அனுப்பி அச்சிடுவதே முறை.

இரண்டாம் கேள்வி, கணினி காது கொடுத்துக் கேட்கிறதா என்பது. புதிய வைஃபையில் சேரும்போது விண்டோஸ் அதனைப் 'பப்ளிக்' என்றோ 'பிரைவேட்' என்றோ வகுத்துக்கொள்கிறது. பப்ளிக் என்பது இரயில் நிலையம், உணவு விடுதி முதலிய பொது இடங்களுக்கானது. அந்நிலையில் கணினி தன்னைப் பிறர் காணாதபடி மறைத்துக்கொள்ளும். நேற்றுவரை வேலை செய்தது இன்று நின்றதற்கு இதுவே பல வீடுகளில் காரணம். ரூட்டரை மாற்றியிருப்பார்கள், அல்லது வைஃபையின் பெயரை மாற்றியிருப்பார்கள். கணினியோ அதனைப் புதிய அந்நிய இடமாகக் கருதிப் போர்த்திக்கொண்டுவிடும். அமைப்புகளில் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று, இணைந்துள்ள வைஃபையின் வகையைப் பிரைவேட் என்று மாற்றுங்கள். பின்னர் 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' என்னும் இரண்டையும் பிரைவேட் பிரிவில் மட்டும் திறந்துவையுங்கள்.

இவ்விடத்தில் நமது லைன் வீட்டு வாழ்க்கையை நினைவூட்ட வேண்டியுள்ளது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வைஃபையின் கடவுச்சொல்லை அண்டை வீட்டாருக்குக் கொடுப்பது நம்மிடையே இயல்பான அன்பு. அன்பைக் குறைக்க நாம் சொல்லவில்லை. அவர்களுக்கு விருந்தினர் வைஃபையைக் கொடுங்கள் என்கிறோம். வீட்டு வைஃபையைப் பத்துப்பேர் அறிந்திருக்க, கணினியையும் பிரைவேட் என்று திறந்துவைப்பது, தெருவே நடமாடும் கூடத்தில் பீரோவைத் திறந்துவைப்பதற்கு ஒப்பாகும். கடவுச்சொல்லை மாற்றி, வீட்டாருக்கு ஒன்று, வந்தாருக்கு ஒன்று என்று பிரித்தபின்பே பிரைவேட் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாம் கேள்வி, பெயரும் மொழியும் புரிகின்றனவா என்பது. நெட்வொர்க் பட்டியலில் கணினியின் பெயர் தெரியவில்லை என்பதற்காக அது இறந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பட்டியல் என்பது பெயர்ப்பலகை மட்டுமே. கோப்பு உலாவியின் முகவரிக் கட்டத்தில் பின்சாய்கோடு இரண்டு இட்டு, அடுத்து அக்கணினியின் ஐ.பி. முகவரியை எழுதி எண்டர் விசையைத் தட்டுங்கள். கதவு திறந்தால் வழி நன்றாகவே உள்ளது. கெட்டிருப்பது பெயரறிவிப்பு மட்டுமே. அப்போது, பகிரும் கணினியின் 'சர்வீசஸ்' பட்டியலில் 'ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்' என்னும் சேவை ஓடுகிறதா என்று பார்த்து, அதைத் தானாகத் தொடங்குமாறு அமைத்தால் பெயர் மீண்டும் தோன்றும். எல்லாக் கணினிகளையும் ஒருமுறை அணைத்து எழுப்புவதும் பயன் தரும்.

மொழி என்றோமல்லவா? கோப்பும் பிரிண்டரும் பகிர்வதற்கு விண்டோஸ் பேசும் மொழிக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பிறந்த இம்மொழிக்குப் பல பதிப்புகள் உண்டு. முதற் பதிப்பு மிகவும் பழையது, காவலற்றது. 2017இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதற்கொண்டு, புதிதாக நிறுவும் கணினிகளில் அம்முதற் பதிப்பை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் சேர்ப்பதில்லை. ஆகவே பழைய எக்ஸ்.பி. கணினியும் புதிய மடிக்கணினியும் பேசிக்கொள்ளாதது பழுதன்று. பழைய மணிக்குறியைப் புதியவர் ஏற்க மறுக்கிறார் என்பதே அதன் பொருள். 'ஹோம்குரூப்' என்னும் எளிய பகிர்வு முறையும் 2018இல் விண்டோஸ் 10இலிருந்து நீக்கப்பட்டது. அதை இன்னும் தேடிக்கொண்டிருப்போர் தேடலை நிறுத்திக்கொள்ளலாம்.

நான்காம் கேள்வி, உரிமை பற்றியது. "பெயரும் கடவுச்சொல்லும் கொடு" என்று பெட்டி தோன்றினால் பலர் திகைத்து நிற்கின்றனர். கேட்கப்படுவது வைஃபையின் கடவுச்சொல் அன்று. பகிரும் கணினியில் உள்ள பயனர் கணக்கின் பெயரும் கடவுச்சொல்லுமாம். நான்கிலக்கப் பின் எண்ணை இட்டாலும் ஏற்காது. பின் எண் அந்தக் கணினிக்கு நேரே அமர்ந்திருப்பவருக்கு மட்டுமே உரியது. கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் வலை வழியாக விண்டோஸ் இயல்பாக ஏற்பதில்லை. எனவே மேசைக் கணினியில் பகிர்வுக்கென ஒரு தனிக் கணக்கைத் தொடங்கி, அதற்கு நல்ல கடவுச்சொல் ஒன்றைச் சூட்டி, வீட்டார் அனைவரும் அதனைப் பயன்படுத்துவது நேரிய வழி. கடவுச்சொல்லை அண்மையில் மாற்றியிருந்தால், மற்றக் கணினிகளின் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' பகுதியில் பழையது தங்கியிருக்கும், அதை நீக்கிவிடுங்கள்.

உள்ளே நுழைந்தும் கோப்பு திறக்கவில்லையா? கோப்புறைக்கு இரட்டைப் பூட்டு உண்டு என்பதை அறிக. ஒன்று பகிர்வுக்கான அனுமதி. மற்றொன்று வட்டில் அக்கோப்புறைக்கே உரிய அனுமதி. இரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும். ஒன்றைத் திறந்து மற்றொன்றை மறந்தால் அனுமதியில்லை என்னும் பதிலே வரும்.

இனிப் பிரிண்டருக்கு வருவோம். கம்பியால் இணைத்த பிரிண்டர், தன்னைத் தாங்கும் கணினி விழித்திருக்கும்வரைதான் மற்றவருக்கு உதவும். மேசைக் கணினி உறங்கிவிட்டால் பிரிண்டரும் உறங்கியதாகவே பொருள். அச்சிடும் நேரத்தில் அது உறங்காதவாறு மின்சார அமைப்பில் ஏற்பாடு செய்யலாம். வைஃபை உள்ள பிரிண்டராயின் கணினி வழியே பகிராமல் நேரே ரூட்டரில் சேர்த்துவிடுவதே மேல். பாதித் தொல்லை அன்றே தீரும். இத்தகைய பிரிண்டர்களுள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குவன என்பதையும் நினைவில் வைத்து அதில் சேருங்கள்.

மின்தடைக்குப் பின் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்று காட்டுவது மற்றொரு பொதுவான முறையீடு. சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து 1902ஆம் ஆண்டிலேயே மின்சாரம் பெற்ற பெருமை தங்கவயலுக்கு உண்டு. ஆயினும் மின்தடை எவ்வூரையும் விட்டதில்லை. மின்சாரம் திரும்பியதும் ரூட்டர் எல்லார்க்கும் புதிதாக முகவரி வழங்குகிறது. நேற்று 192.168.1.9 என்றிருந்த பிரிண்டர் இன்று 192.168.1.12 ஆகிவிடலாம், கணினியோ பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருக்கும். ரூட்டரின் அமைப்பில் பிரிண்டருக்கென ஒரு முகவரியை நிலையாக ஒதுக்கிவிட்டால் இத்தொல்லை மீண்டும் வராது.

அச்சிடச் சொன்ன தாள்கள் வரிசையில் சிக்கி அசையாமல் நின்றால், 'பிரிண்ட் ஸ்பூலர்' என்னும் சேவையை நிறுத்தி, வரிசையிலுள்ளவற்றை நீக்கி, மறுபடி தொடங்குங்கள். 11பி என்று முடியும் பிழை எண் தோன்றினாலோ அதற்கு ஒரு வரலாறு உண்டு. 2021ஆம் ஆண்டு ஜூலையில், அச்சுச் சேவையின் ஓட்டை வழியே அந்நியர் கணினியைக் கைப்பற்றக் கூடும் என்பது வெளியாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு முதல், பிரிண்டருக்குரிய டிரைவரை நிறுவ நிருவாகி உரிமை வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் விதித்தது. செப்டம்பர்ப் புதுப்பிப்பில் அச்சுத் தொடர்பில் வேறொரு காவலும் கட்டாயமாயிற்று. ஒரு கணினி புதுப்பிப்புப் பெற்றும் மற்றது பெறாமலும் இருந்தால் இப்பிழை எழுகிறது. இரண்டையும் புதுப்பித்து, நிருவாகிக் கணக்கிலிருந்து டிரைவரை நிறுவிப் பாருங்கள். ரெஜிஸ்டரியில் ஒரு எண்ணை மாற்றிக் காவலை நீக்குமாறு கூறும் யோசனை எங்கும் உலவுகிறது. அது ஓட்டையை மீண்டும் திறப்பதே ஆகும்.

இதுபோன்ற குறுக்கு வழிகள் இன்னும் உண்டு. ஃபயர்வாலை முற்றிலும் அணைத்துவிடுதல், கடவுச்சொல்லின்றி எவரும் நுழையலாம் என்று விடுதல், வட்டு முழுவதையும் 'எவ்ரிஒன்' என்னும் அனைவருக்கும் முழு உரிமையுடன் பகிர்தல், எஸ்.எம்.பி. முதற் பதிப்பை மீண்டும் எழுப்புதல். இவற்றில் ஒன்றைச் செய்தவுடன் பிரிண்டர் ஓடத் தொடங்கும். கெட்டிக்காரர் என்று பெயரும் கிடைக்கும். ஆனால் 2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் உலகம் கண்ட அவலத்தை மறக்கலாகாது. வான்னாகிரை என்னும் தீநிரல் அந்த எஸ்.எம்.பி. முதற் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகவே ஒரு கணினியிலிருந்து மறு கணினிக்குத் தாவி, ஏறக்குறைய 150 நாடுகளில் 2 இலட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகளைப் பற்றியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் சிகிச்சைகளே தள்ளிவைக்கப்பட்டன. அவ்வோட்டையை அடைக்கும் புதுப்பிப்பு அதற்கு இரண்டு திங்கள் முன்னதாகவே, மார்ச்சில், வெளிவந்திருந்தது என்பதே நெஞ்சைச் சுடும் செய்தி. புதுப்பித்தவர் பிழைத்தனர்.

ஃபயர்வால்மீது ஐயம் எழுந்தால் அதை அணைக்காமல், அதன் அனுமதிப் பட்டியலில் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் என்பதற்கு நேரே பிரைவேட் கட்டத்தில் குறியிட்டால் போதும். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராத பழைய கணினி பகிர்வு வேலைக்கு இனி ஏற்றதன்று. பழைய கணினியைத் தூக்கியெறிய மனமில்லாதோர் அதில் லினக்ஸ் ஏற்றலாம். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் தொடங்கிவைத்த சாம்பா என்னும் இலவச மென்பொருள், லினக்ஸ் கணினிக்கும் எஸ்.எம்.பி. மொழியைக் கற்பித்து, விண்டோஸோடு உறவாட வைக்கும்.

இறுதியாக, எதைப் பகிர்வது என்பதையும் ஆராய வேண்டும். பொதுவுக்கென ஒரு கோப்புறை மட்டும் போதும். படிக்க மட்டும் வேண்டியவருக்குப் படிக்கும் உரிமையைக் கொடுங்கள். எழுதும் உரிமையைத் தேவைப்பட்டவருக்கே கொடுங்கள். ஏனெனில் ஒரு கணினியில் தீநிரல் புகுந்தால், அக்கணினியிலிருந்து எழுத முடிந்த பகிர்வுக் கோப்புறைகளையெல்லாம் அது பாழாக்கும். பகிர்ந்துவைத்தது பாதுகாத்துவைத்தது ஆகாது.

சுரங்கத்தில் உழைத்த தலைமுறையின் பணிச்சான்றும், சேமநிதிக் கணக்கும், குடியிருப்புக்கான தாள்களும், பிள்ளைகளின் சாதிச்சான்றும் மதிப்பெண் பட்டியலும் பல வீடுகளில் இப்போது ஸ்கேன் செய்யப்பட்டு ஒரே கணினியில் உறங்குகின்றன. மூடிப்போன சுரங்கத்தின் தாள் ஒன்று தொலைந்தால், மறுபடி வாங்க எந்தச் சாளரத்தில் சென்று நிற்பது? ஆதலின் அவற்றின் படி ஒன்றைப் பென் டிரைவில் எழுதி, கணினியிலிருந்து கழற்றி, மூலத்தாள்களோடு பெட்டியில் வையுங்கள். ஆண்டுக்கு இருமுறை எடுத்துத் திறந்து பாருங்கள்.

கம்பி, காது, மொழி, உரிமை: இந்நான்கையும் ஒரு சிறு தாளில் எழுதி ரூட்டர்ப் பெட்டியின் அருகில் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை பிரிண்டர் மௌனம் சாதிக்கும்போது வீட்டிலுள்ள இளையவரே வரிசையாகக் கேட்டுக் காரணத்தைக் கண்டுபிடிப்பர். பொறுமையோடு தேடும் அப்பழக்கம் கணினிக்கு அப்பாலும் அவர்களுக்குப் பயன்படும் என்பது நமது நம்பிக்கை.